முன்னணையில் கிடந்தவரின் பண்டிகை: கிறிஸ்துமஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய சபையில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளி நடத்தி வருகிறேன். நவம்பர் பிறந்தால் ஜவுளிக்கடை விளம்பரங்கள் வரும். கூடவே பெற்றோரின் கேள்விகளும் வரும். செலவு, கடன், கிறிஸ்துமஸ் தாத்தா, ஸ்டார், பிள்ளைகளின் பிடிவாதம் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. வேதத்தை வாசித்தும், போதகர்களிடம் கேட்டும், என் வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை.

பண்டிகைக்குச் செலவு செய்வதே தவறு என்கிறீர்களா?

இல்லை. நம் ஊர்க் கோயில்களில் அசனம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அரிசி தருவார், ஒருவர் ஆடு தருவார், ஒருவர் விறகு தருவார். பெரிய அண்டாக்களில் பொங்கி, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். பெரிய செலவுதான். ஆனால் அந்தப் பந்தியில் யாருக்கும் இலை இல்லை என்று சொல்வதில்லை. இயேசு செய்த முதல் அற்புதமும் கானா ஊரில் ஒரு கல்யாண வீட்டில்தான் நடந்தது. ஆறு கற்சாடி நிறைய இருந்த தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். விருந்தை வெறுத்தவர் இல்லை அவர்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பிள்ளைகளுக்கு இரண்டு செட் உடுப்பு, வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை, கேக், பட்டாசு என்று கணக்குப் போட்டு, கழுத்துச் சங்கிலியை டிசம்பர் 20 வாக்கில் அடகு வைத்தார்கள். ஈஸ்டர் வந்தும் சங்கிலி வீடு திரும்பவில்லை. "அதிகாலை ஆராதனையில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். எல்லாருக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி என்று தூதன் சொன்ன இரவு அது. அந்த இரவில் ஒரு தாய் வட்டியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் செலவின் அளவை நான் கேட்பதில்லை. இந்தச் செலவால் யார் நம் வீட்டுக்குள் வருகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதற்காகச் செய்யும் செலவில் அந்த நாலு பேர்கூட உள்ளே வருவதில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அக்கா, வேதத்தில் உள்ள கதை உண்மையில் என்ன சொல்கிறது? நாடகத்தில் பார்ப்பதுதானா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் நம் பிள்ளைகள் நடிக்கும் நாடகத்தில் ஒரு சத்திரக்காரர் வருவார். கதவைத் திறப்பார், "இடமில்லை, போங்கள்" என்பார். லூக்கா 2 ஆம் அதிகாரத்தைத் திறந்து தேடிப் பாருங்கள். சத்திரக்காரரே அங்கே இல்லை. மாட்டுத் தொழுவம் என்ற சொல்லும் இல்லை. மாடும் கழுதையும் இல்லை. அவை இரண்டும் ஏசாயா 1:3 இலிருந்து நம் குடிலுக்குள் வந்தவை. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், என் ஜனமோ அறியாமல் இருக்கிறது என்று தீர்க்கதரிசி வருந்தும் இடம் அது. லூக்கா சொல்வது ஒரே வசனம்: மரியாள் பிள்ளையைப் பெற்றாள், துணிகளில் சுற்றினாள், சத்திரத்தில் இடமில்லாததால் முன்னணையில் கிடத்தினாள். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி.

நம் வேதத்தில் 'சத்திரம்' என்று இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கட்டாலுமா'. இதே சொல்லை லூக்கா இன்னொரு இடத்திலும் எழுதுகிறார். இயேசு சீஷரோடு கடைசி இராப்போஜனம் சாப்பிடக் கேட்கும் அறைக்கு, 22:11 இல். அங்கே அது ஒரு வீட்டின் விருந்தினர் அறை. நல்ல சமாரியன் கதையில் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் வருகிறதே, அங்கே அவர் வேறு சொல்லைப் பயன்படுத்துகிறார். இதை வைத்து, பெத்லெகேமில் நிரம்பி வழிந்தது உறவினர் வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்து எளிய வீடுகளில் மனிதர் படுப்பதும் இரவில் ஆடுமாடு கட்டுவதும் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழேதான். தீனித் தொட்டியும் அங்கேயே இருக்கும்.

இது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ கூட்டம் வந்துவிட்டால் என்ன செய்வோம்? அறை நிறைந்துவிடும். அப்புறம் திண்ணையிலும் பட்டாசாலையிலும் மாட்டுக்கொட்டில் ஓரத்திலும் பாய் விரிப்போம். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். அப்படி வாசித்தால் பெத்லெகேமில் கதவு மூடப்படவில்லை. நெருக்கிக்கொண்டு ஒரு ஓரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஓரத்தில்தான் இம்மானுவேல், 'தேவன் நம்மோடு' என்று பெயர் பெற்றவர், பிறந்தார். கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் நெருக்கிக்கொண்டு இடம் கொடுப்பது என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது, பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்காதது. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்து யோசேப்பும் மரியாளும் எருசலேம் தேவாலயத்துக்குப் போகிறார்கள். நியாயப்பிரமாணப்படி ஒரு ஆட்டுக்குட்டி கொண்டு போக வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொடுக்கலாம் என்று லேவியராகமம் 12:8 சலுகை தருகிறது. லூக்கா 2:24 இல் இந்தத் தம்பதி கொடுத்த காணிக்கையைப் பார்த்தால், அந்தப் புறாக்கள்தான். ஆட்டுக்குட்டி வாங்கக் கையில் காசில்லாத வீடு அது. "இந்த வருடம் கையில் காசில்லை, என்ன கிறிஸ்துமஸ் எனக்கு?" என்று யாராவது கேட்டால் இந்த வசனத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

டிசம்பர் 25 என்பதே வேதத்தில் இல்லையாமே?

இல்லைதான். உரோமையில் அந்தத் தேதியில் கொண்டாடியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று 354 ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பில் உள்ள பட்டியல். அது 336 வாக்கிலான வழக்கத்தைக் காட்டுகிறது என்கிறார்கள். ஆர்மேனியத் திருச்சபை ஜனவரி 6 இலும் எகிப்தின் கோப்டிக் திருச்சபை ஜனவரி 7 இலும் கொண்டாடுகின்றன. சூரியக் கடவுளின் விழாவுக்கு மாற்றாக வந்தது என்பது ஒரு விளக்கம். மரியாள் மார்ச் 25 இல் கர்ப்பந்தரித்தார் என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது இன்னொரு விளக்கம். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களே இந்தப் பண்டிகையைத் தடை செய்த காலமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

அதனால் தேதிக்காகச் சண்டை வேண்டாம் என்பது என் கருத்து. அவர் பிறந்தார் என்பதை நினைக்க ஒரு நாள் வேண்டும். சபை இந்த நாளைத் தந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். உண்மை கதையைவிட நன்றாக இருக்கிறது.

நிக்கொலாஸ் என்பவர் நான்காம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரின் ஆயர். இன்றைய துருக்கியில் அந்த ஊருக்கு தெம்ரே என்று பெயர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லும் கதை இது: மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு ஏழைத் தகப்பன். சீதனம் கொடுக்க வழியில்லை. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையே கெட்டுப்போகும் நிலை. இரவில் யாருக்கும் தெரியாமல் அவர்கள் வீட்டு ஜன்னல் வழியே பொற்காசுப் பையைப் போட்டுவிட்டுப் போனாராம் நிக்கொலாஸ். சீதனம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இது வேறு தேசத்துக் கதையாக அவர்களுக்குத் தோன்றாது.

அவருடைய நினைவுநாள் டிசம்பர் 6. டச்சுக்காரர் அவரை 'சின்டர்கிளாஸ்' என்றார்கள். அமெரிக்காவில் அது 'சான்டா கிளாஸ்' ஆனது. 19 ஆம் நூற்றாண்டில் அங்கே பத்திரிகைப் படங்கள் வரைந்த தாமஸ் நாஸ்ட் அவரைத் தாடியும் தொப்பையுமாகப் பரப்பினார். 1931 முதல் கோக்கோகோலா விளம்பரங்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்க நிலைநிறுத்தின. சிவப்பு உடையே கோக்கோகோலா கொடுத்தது என்று சிலர் சொல்வது சரியில்லை, அது அதற்கு முன்பே இருந்தது. ஆனால் இந்தப் பயணத்தில் ஒன்று தலைகீழானது. யாருக்கும் தெரியாமல் ஏழைக்குக் கொடுத்தவர், எல்லாரும் பார்க்கக் கடை வாசலில் மணி அடிப்பவராகிவிட்டார்.

பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. "நல்ல பிள்ளையாக இருந்தால்தான் தாத்தா பரிசு தருவார்" என்று சொல்லாதீர்கள். பரிசு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டு என்ன நினைக்கும்? நான் கெட்ட பிள்ளை போலிருக்கிறது என்று நினைக்கும். அதோடு, நற்செய்தி சொல்வதற்கு நேர் எதிரானது அது. நாம் நல்லவர்களாகும்வரை தேவன் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே வந்துவிட்டார்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் டிசம்பர் முதல் வாரம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் யாருக்காவது ஒரு சின்னப் பொருளைத் தெரியாமல் வைத்துவிட்டு வர வேண்டும். கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டால் அது கணக்கில் சேராது. ஒரு பையன் தன் தெருவில் உள்ள காவலாளியின் நாற்காலியில் ஒரு ஜோடி காலுறையை வைத்துவிட்டு வந்தான். அவர் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஒரு மாதம் வரை சந்தோஷத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஸ்டார், மரம், குடில் எல்லாம் வேண்டுமா?

மரம் கட்டாயம் இல்லை. ஸ்டார் கட்டுங்கள், தெருவுக்கே வெளிச்சம். குடிலை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்ட் சபை வீடுகளிலும் சொல்கிறேன். 1223 இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் ஒரு முன்னணையில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கே ஆராதனை நடத்த ஏற்பாடு செய்தார். அந்தக் குழந்தை பட்ட குறைவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஓடுகிற ரயில், நீரூற்று, வண்ண விளக்கு என்று குடில் போட்டியாக மாறும்போது அந்தக் குறைவு மறைந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் 24 இரவு வரை தொட்டி வெறுமையாக இருக்கும். கிழக்கிலிருந்து வரும் ஞானிகளை வீட்டின் இன்னொரு மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில் வைப்போம். தினமும் ஒரு முழம் நகர்த்துவது என் மகளின் வேலை.

நவம்பரிலேயே பாட்டும் கேக்கும் தொடங்கிவிடுகிறதே?

சபையின் ஒழுங்கில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு ஞாயிறு காத்திருப்பின் காலம். கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்கிறார்கள், நாங்கள் அட்வென்ட் என்போம். ஊதா உடை, அடக்கமான பாட்டு. மெழுகுவத்தி வளையம் ஏற்றும் வழக்கம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1839 இல் தொடங்கியது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் விக்கெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்து நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தார்.

நமக்கு வண்டிச் சக்கரம் வேண்டாம், பிடியரிசி போதும். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்து சபையில் உண்டு. அதை அட்வென்ட் நான்கு வாரமும் செய்யுங்கள். எடுத்து வைப்பது பிள்ளைகளாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் போன வருடம் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்தது. அரையாண்டுத் தேர்வு நேரத்திலும் ஒரு பிடி அரிசி எடுக்க முடியும்.

புத்தாடை இல்லாமல் பிள்ளையை எப்படிக் கோயிலுக்குக் கூட்டிப்போவது?

இதைக் கேட்கும்போது பல அம்மாக்களின் கண் கலங்கிவிடுகிறது. வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. வருடத்தில் ஒரே ஒரு புது உடுப்பு வாங்கும் வீடுகளுக்கு அது மரியாதை.

ஆனால் பிள்ளை வெட்கப்பட்டால் குற்றம் சபையில் இருக்கும் நம்மேல்தான். ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்து, "எந்தக் கடை?" என்று கேட்பது நாம்தானே. 4 ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், ஆலயத்துக்குள் கிறிஸ்துவைப் பட்டாடைகளால் கனப்படுத்திவிட்டு, வெளியே ஏழையின் உருவில் குளிரில் நிர்வாணமாக நிற்கும் அவரைப் புறக்கணிக்காதீர்கள் என்று மத்தேயு நற்செய்தி பற்றிய ஒரு பிரசங்கத்தில் கேட்கிறார். அதனால் இரண்டு செட் எடுக்க வசதி உள்ளவர்கள் ஒன்றை எடுங்கள். அடுத்ததன் பணத்தில் சபையில் யாருக்கு உடுப்பு தேவை என்று போதகரிடம் மட்டும் கேட்டு, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். மேடையில் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு மானம் இருக்கிறது.

கீதப்பவனியில் காணிக்கை வாங்குவது சரியா?

வாங்கலாம். ஆனால் காணிக்கை வரும் தெருவுக்கு மட்டும் போகாதீர்கள். தனியாக இருக்கும் தாத்தா பாட்டி, படுக்கையில் கிடப்பவர்கள், ஊர்க்கோடியில் குடிவந்த கட்டட வேலைக்காரர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு முதலில் போய்ப் பாடுங்கள். மேய்ப்பர்களுக்குத்தான் தூதர்கள் முதலில் பாடினார்கள்.

நான் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர் வியாபாரம்தான் எனக்குச் சோறு. என்னைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா?

இல்லை அண்ணே. விற்பதும் வாங்குவதும் பாவம் இல்லை. உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் கடையில் காலை முதல் இரவு பத்து மணி வரை துணியை விரித்துக் காட்டும் பெண் பிள்ளைகள் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா? கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 இல் சட்டமே வந்தது. 24 ஆம் தேதி அவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள்? அவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் அதிகாலை ஆராதனைக்கு எழுந்திருக்க முடியுமா? ஒரு மணி நேரம் முன்னதாகக் கடை அடைத்தால், உங்கள் கடையிலும் பெத்லெகேம் வீட்டைப் போல ஓர் ஓரம் கிடைக்கும்.

வாங்கப் போகும் நாமும் கடைசி நாள் இரவு ஒன்பதரைக்குப் போய் முப்பது புடவையை இறக்கச் சொல்லாமல் இருக்கலாம்.

இந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு சாவு. பண்டிகை உண்டா?

ஸ்டார் கட்ட வேண்டாம், பலகாரம் சுட வேண்டாம். ஆனால் கிறிஸ்துமஸ் உங்களை விட்டுப் போகவில்லை. சபையின் நாட்காட்டியில் டிசம்பர் 28, ஏரோது ராஜா கொன்ற பெத்லெகேம் குழந்தைகளின் நினைவுநாள். இயேசுவின் பிறப்பைச் சொல்லும் மத்தேயுவே, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்பதையும் எழுதி வைத்தார். அழுகையை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் பண்டிகை இல்லை இது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் கடல் வந்தது. வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலும் முந்தின நாள் கட்டிய புத்தாடையோடு போனவர்கள் உண்டு. அந்தக் கரையில் பல வீடுகளுக்கு இன்றும் கிறிஸ்துமஸும் திதியும் அடுத்தடுத்த நாள்தான். அவர்கள் எப்படிக் கோயிலுக்கு வருகிறார்கள் என்று பார்த்தால், துக்க வீட்டுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது, 25 மதியம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய், கூட உட்கார்ந்து சாப்பிடுவது.

பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பலகாரம் கொடுக்கும் வழக்கம் குறைகிறதே?

விடாதீர்கள். கடையில் வாங்கிய கேக் டப்பாவை நீட்டுவதைவிட, வீட்டில் சுட்ட அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் ஒரு தட்டில் போதும். தீபாவளிக்கு அவர்கள் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாத நம் பழக்கமும் அதில் இருக்கிறது. பிள்ளைகளையே கொண்டுபோகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கு மரியாளின் கதை தெரியும். குர்ஆனில் அவர் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. பேச்சு தானாகத் தொடங்கும்.

25 முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

கடைக்கு அன்றோடு முடிகிறது, மறுநாள் பொங்கல் விளம்பரம் ஏறிவிடும். சபைக்கோ அன்றுதான் தொடங்குகிறது. ஜனவரி 6, ஞானிகள் வந்து பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்த நாள் வரை பன்னிரண்டு நாள். அலமாரிப் பக்கத்திலிருந்து கிளம்பிய எங்கள் ஞானிகளும் அன்றுதான் குடிலுக்கு வந்து சேருவார்கள்.

முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகள் இல்லத்துக்கோ சாப்பாடு கொடுக்க நினைப்பவர்கள் அந்த நாட்களைப் பாருங்கள். 25 க்குக் கேட்டால், அன்றைய மூன்று வேளையையும் வேறு யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள். ஜனவரி 3 க்குக் கேட்டுப் பாருங்கள். எங்கள் சபையின் பிடியரிசி போன வருடம் அன்றைக்குத்தான் போனது. அங்கே இருந்த ஒரு பாட்டி, "இன்னும் பண்டிகை முடியலையா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றோம்.